மேட்டுப்பாத்தியில் டேலியா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேலியாவுக்கு மேட்டுப்பாத்தி எதற்கு? தரையிலேயே நட்டால் வராதா?

வரும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் வீட்டு வாசல்களில் தரையிலேயே நின்று பூக்கிறது. ஆனால் நம் பக்கம் ஒரு டேலியா செத்துப்போனால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கிழங்கின் கழுத்தில் ஈரம் தேங்கியது. கழுத்து என்பது பழைய தண்டும் கிழங்கும் சேரும் விரல் தடிமனான இடம். புது முளை அங்கிருந்துதான் வரும். அது அழுகினால் கீழே கிழங்கு எவ்வளவு பருத்திருந்தாலும் பயனில்லை.

இந்தச் செடியின் பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்காவின் மலைப்பகுதிகள். 1789ல் மெக்சிகோவிலிருந்து மாட்ரிட் அரச தாவரவியல் பூங்காவுக்குப் போனது. 1791ல் ஸ்வீடன் தாவரவியலாளர் ஆண்டர்ஸ் டால் நினைவாகப் பெயர் பெற்றது. 1963ல் மெக்சிகோவின் தேசிய மலர் ஆனது. அங்கே வெயில் பருவத்தில் மழை பெய்யும், குளிர்காலம் வறண்டு கிடக்கும். செடி மழையில் வளரும், வறட்சியில் கிழங்காக உறங்கும். தமிழ்நாட்டில் இந்தக் கணக்கு புரண்டுவிடுகிறது. சமவெளியில் டேலியாவுக்கு ஏற்ற குளிர் ஐப்பசி, கார்த்திகையில் வரும்போது வடகிழக்குப் பருவமழையும் கூடவே வருகிறது. நீலகிரியில் செடி மொட்டு வைக்கும் நேரத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. ஓர் அடி உயர்த்திய பாத்தி அந்த மழையைக் கழுத்தில் நிற்க விடாமல் இறக்கிவிடும். கீழே சொல்லும் அளவுகளும் கலவைகளும் எல்லாம் இந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

எந்த ஊரில் எப்போது நட வேண்டும்?

கிழங்கு நட்டதிலிருந்து முதல் பூவுக்கு ஏறக்குறைய 90 முதல் 110 நாள் ஆகும். வேரூன்றிய நாற்று என்றால் 70 முதல் 90 நாள். இதை வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள்.

ஊட்டி, கொடைக்கானல்: உறைபனி ஓய்ந்த பிறகு, பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை. பிப்ரவரி நடுவில் நட்டால் மே கோடை விழா நேரத்தில் பூ கிடைக்கும். ஏப்ரலில் நட்டால் ஜூலை, ஆகஸ்ட் மழையில்தான் முதல் பூ விரியும். கனமழை பெரிய பூவைக் கவிழ்த்துவிடும் என்பதால், மேற்கு நீலகிரியில் ஏப்ரல் நடவுக்குச் சிறுபூ வகைகளே நல்லது.

ஏற்காடு, ஓசூர்: செப்டம்பர், அக்டோபர்.

கோவை, திண்டுக்கல், சேலம்: அக்டோபர் முதல் நவம்பர் தொடக்கம் வரை.

சென்னை, கடலூர், நாகப்பட்டினம்: அக்டோபரில் கிழங்கையோ நாற்றையோ சிறு தொட்டியில், மழை படாத வெளிச்சமான இடத்தில் வளர்த்து வையுங்கள். பெருமழை அடங்கிய பின் நவம்பர் கடைசியிலோ டிசம்பர் முதல் வாரத்திலோ பாத்திக்கு மாற்றுங்கள். ஜனவரி கடைசி முதல் மார்ச் தொடக்கம் வரை பூ பார்க்கலாம். மார்ச் நடுவுக்குப் பிறகு கடற்கரை ஊர்களில் நல்ல பூவை எதிர்பார்க்க வேண்டாம்.

பாத்தி எவ்வளவு நீளம், அகலம், உயரம் வேண்டும்?

அகலம் 4 அடியைத் தாண்டக் கூடாது. இரண்டு பக்கமும் நின்று ஆளுக்கு 2 அடி கை எட்டும், மண்ணை மிதிக்க வேண்டி வராது. சுவரோரம் என்றால் 2 அடி போதும். டேலியாவின் வேர் பெரும்பாலும் மேல் ஓர் அடியில்தான் பரவும். அதனால் மண் உயரம் 12 அங்குலத்துக்குக் குறையாமல், 14 அங்குலம் இருந்தால் சௌகரியம். நாளுக்கு 6 மணி நேர வெயில் கட்டாயம். சமவெளியில் மாலை வெயிலை மறைக்கும் இடம் கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

எதை வைத்துக் கட்டுவது? ஹாலோ பிளாக்கா, பலகையா?

டேலியாவுக்கு எங்கள் முதல் தேர்வு 4 அங்குல ஹாலோ பிளாக். கொம்பு நடும் கேள்விக்கு வரும்போது காரணம் புரியும். 16 அங்குல நீளம், 8 அங்குல உயரக் கல் என்று வைத்துக்கொண்டால் கணக்கு இது:

நீளப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் 6 கல், அவற்றுக்கு நடுவே குறுக்குப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் 3 கல். ஒரு வரிக்கு 18, இரண்டு வரிக்கு 36 கல். உள்ளே 88 அங்குலத்துக்கு 48 அங்குல இடம் கிடைக்கும், உயரம் 16 அங்குலம். உடைசலுக்கு 3 கல் கூடுதலாக வாங்குங்கள்.

முதலில் கல் நிற்கும் இடத்தை மட்டும் 3 அங்குலம் தோண்டி, மணல் போட்டு, நன்றாக இடித்து, மட்டம் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் சோம்பினால் ஒரே மழையில் ஒரு மூலை இறங்கிவிடும். இரண்டாவது வரியில் ஒவ்வொரு பக்கத்தையும் அரைக் கல்லில் தொடங்கி அரைக் கல்லில் முடித்தால் இணைப்பின் மேல் இணைப்பு வராது. அதற்கு 4 கல்லை வெட்டி 8 அரைக் கற்கள் எடுக்க வேண்டும். பல ஹாலோ பிளாக்குகளில் குழி ஒரு பக்கம் மூடியிருக்கும். வாங்கும்போதே இருபுறமும் திறந்ததாகக் கேளுங்கள். நான்கு மூலைக் குழியிலும் 2 அடி நீளம் 8 மி.மீ. கம்பியைத் தரையில் இறங்கும்படி அடித்து, குழியைச் சிமென்ட் கலவையால் நிரப்பிவிட்டால் சுவர் அசையாது. மற்ற இடங்களில் பூச வேண்டியதில்லை. கல் இடுக்கு வழியே நீர் கசிவது நமக்கு வேண்டியதே.

பலகை என்றால் நீலகிரியில் சுலபமாகக் கிடைப்பது சில்வர் ஓக். ஈர மண்ணைத் தொட்டுக்கொண்டே இருப்பதால் சில வருடங்களில் உளுத்துவிடும், அதைத் தெரிந்தே செய்யுங்கள். தடிமன் ஒன்றரை அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். 6 அடிக்கு மேல் நீளமான பக்கத்தின் நடுவில் ஒரு முளை அடித்து, எதிர்ப் பக்க முளையோடு கம்பியால் இழுத்துக் கட்டாவிட்டால் நனைந்த மண் பலகையை வில்லாக வளைத்துவிடும். பழைய என்ஜின் ஆயில் பூசும் வழக்கம் வேண்டாம், அது மண்ணில் இறங்கும்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டை வெட்டிப் பாத்திக்கு நிறுத்துவதைப் பல ஊர்களில் பார்க்கலாம். தயவுசெய்து செய்யாதீர்கள். அதை வெட்டும்போதும் உடையும்போதும் பறக்கும் நார் நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

பாத்தியின் அடியில் ஜல்லி போட வேண்டுமா?

மண் தரைமேல் கட்டினால் வேண்டாம். நனைத்த பஞ்சு ஒன்றை ஜல்லி மேல் வைத்துப் பாருங்கள். பஞ்சின் அடிப்பாகம் சொதசொதவென்றே இருக்கும், ஒரு கட்டத்துக்கு மேல் நீர் கீழே இறங்காது. மண்ணும் அப்படித்தான். நுண்ணிய மண்ணுக்குக் கீழே பெரிய இடைவெளி வந்தால் நீர் எல்லையில் தயங்கி நிற்கும். ஜல்லி அந்த ஈர மட்டத்தைக் கழுத்துக்குப் பக்கத்தில் தூக்கிக் கொடுப்பதோடு சரி. அதற்குப் பதில் அடித்தரையை மண்வெட்டியால் அரை அடி கொத்திவிட்டு, மேல் கலவையை நேராக அதன்மேல் கொட்டுங்கள்.

சிமென்ட் தரை என்றால் கதை வேறு. அங்கே நீர் பக்கவாட்டில் ஓடித்தான் வெளியேற வேண்டும். 2 அங்குலம் 20 மி.மீ. ஜல்லி, அதன்மேல் இரண்டு மடிப்பு நிழல்வலை, பிறகு மண். கீழ் வரிக் கல்லில் 2 அடிக்கு ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.

இன்னொன்று: மலையில் கிக்குயூ புல் மேல் கட்டினால் புல்லை வேரோடு எடுத்து, இரண்டு மடிப்பு அட்டைப்பெட்டி விரித்து மூடுங்கள். சமவெளியில் அட்டை போட்டால் கறையானுக்கு விருந்து வைத்ததாகிவிடும், அங்கே வேண்டாம்.

மண் கலவை எப்படி?

மேலே சொன்ன பாத்தியை 14 அங்குலத்துக்கு நிரப்ப ஏறக்குறைய 970 லிட்டர் வேண்டும். மண் படியும் என்பதால் 15 லிட்டர் வாளியில் 75 வாளி கணக்கு வையுங்கள்.

செம்மண் 35 வாளி, நன்றாக மக்கிய மாட்டு எரு 20, கழுவிய தென்னை நார்க்கழிவு 12, பெருமணல் அல்லது எம்-சாண்ட் 8. இதோடு வேப்பம் புண்ணாக்கு 700 கிராம், எலும்புத் தூள் 400 கிராம். எம்-சாண்ட் என்றால் தூசி போகச் சலித்துக்கொள்ளுங்கள், அந்தத் தூள் சிமென்ட் போல இறுகும். நார்க்கழிவை இரண்டு முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழியாவிட்டால் அதில் இருக்கும் உப்பு இலை விளிம்பைக் கருக்கும்.

நீலகிரி, கொடைக்கானல் மண் புளிப்பானது. டேலியாவுக்குப் பிடித்த கார அமில நிலை 6.5 சுற்றி. எனவே அங்கே இதே பாத்திக்கு 700 கிராம் டோலமைட்டை (புளிப்பைக் குறைக்கும் ஒருவகைச் சுண்ணாம்புக் கல் தூள்) நடவுக்கு 3 வாரம் முன்பே கலந்து நனைத்து வையுங்கள். நார்க்கழிவுக்குப் பதில் இலை மக்கு போடலாம். சமவெளியில் சுண்ணாம்பு, டோலமைட், அடுப்புச் சாம்பல் மூன்றும் வேண்டாம், உப்புத் தண்ணீரே காரத்தைக் கூட்டிவிடும். கரிசல் மண்ணை ஒரு வாளிகூடச் சேர்க்காதீர்கள்.

எரு மக்கியதா என்று எப்படிப் பார்ப்பது? ஒரு கைப்பிடி எடுத்து மூக்கருகே கொண்டுபோங்கள். மழை பெய்த மண் வாசனை வர வேண்டும். மாட்டுத் தொழுவ வாடையோ உள்ளங்கையில் சூடோ இருந்தால் இன்னும் இரண்டு மாதம் காத்திருங்கள். பச்சை எருவில் வெள்ளைப் புழுவும் வரும், கழுத்தும் வேகும்.

நிரப்பி ஒரு வாரம் படியவிட்ட பின் சோதனை: ஓர் அடிக் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை ஒரு மணி நேரத்துக்குள் இறங்கினால் நடலாம். நின்றால் இன்னும் 8 வாளி மணலும் 5 வாளி எருவும் கலந்து கிளறுங்கள்.

மொட்டை மாடியில் இதே பாத்தி கட்டலாமா?

இதே பாத்தி கூடாது. ஆட்கள் ஏறி நடமாடும் கூரைக்கு இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 875 வைக்கும் கணக்கு சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 150 கிலோ. ஓர் அடி உயர நார்க்கழிவுக் கலவை நனைந்தால் சதுர மீட்டருக்கு 270 கிலோ வரை போகும். செம்மண் கலவை இன்னும் கனம். கல் 36ம் சேர்ந்து சதுர மீட்டருக்கு 350 கிலோவைத் தாண்டும்.

மாடியில் வேண்டுமென்றால் கட்டடப் பொறியாளரிடம் பீம் எங்கே ஓடுகிறது என்று கேட்டு, கீழே சுவர் இருக்கும் கைப்பிடிச் சுவரோரமாக 18 அங்குலப் பைகளை இடைவெளி விட்டு வையுங்கள். தளத்தின்மேல் நேராக வைக்காமல் 4 அங்குலம் தூக்கி வைத்தால் கசிவு வந்தாலும் உடனே கண்ணில் படும். வகையும் குட்டையாக இருக்கட்டும். மாடிக் காற்றுக்கு 4 அடி டேலியா தாங்காது.

கிழங்கா, நாற்றா, விதையா?

பெயர் சொல்லி வாங்கும் வகை வேண்டுமென்றால் கிழங்கு அல்லது தண்டு வெட்டி வேரூன்றிய நாற்று. கெல்வின் ஃபிளட்லைட் போன்ற சாப்பாட்டுத் தட்டு அளவு மஞ்சள் பூ இப்படித்தான் கிடைக்கும். விதையிலிருந்து வருவது தாயைப் போல இருக்காது. டேலியாவின் மரபணுத் தொகுதி எட்டு மடங்கு, அதனால் ஒவ்வொரு விதையும் புதுச் சீட்டுக் குலுக்கல். ஆனால் முதன்முறை நடுபவருக்கு ஃபிகாரோ போன்ற குட்டை விதை வகைகளைத்தான் சொல்வோம். 7 முதல் 10 நாளில் முளைக்கும், ஓர் அடி, ஒன்றரை அடிக்குள் நிற்கும், கொம்பு வேண்டாம். கடைசியில் சிறு கிழங்கும் தரும்.

வாங்கிய கிழங்கில் கண் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

உருளைக்கிழங்கு போல உடம்பெங்கும் கண் இருக்காது. பழைய தண்டின் அடியை ஒட்டிய கழுத்துப் பகுதியில் மட்டும், குண்டூசித் தலை அளவு மேடாக, சில வகையில் இளஞ்சிவப்பாகத் தெரியும். தெரியவில்லையா, ஈரம் மட்டும் தொட்ட நார்க்கழிவில் பாதி புதைத்து நிழலில் வைத்தால் 10 முதல் 20 நாளில் கண் எழும்பும். கழுத்து முறிந்து தொங்கும் கிழங்கு, தண்டுப் பகுதி இல்லாத தனிக் கிழங்கு இரண்டும் வேர் விடும், முளை விடாது. வாங்காதீர்கள். பருமனைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். விரல் அளவுக் கிழங்கு கண்ணோடு இருந்தால் அதுவே போதும்.

நடும் முறை?

88க்கு 48 அங்குலப் பாத்தியில் பெரிய வகை 8 செடி. நீளவாட்டில் இரண்டு வரிசை, ஓரத்திலிருந்து 12 அங்குலம் உள்ளே. வரிசைக்குள் செடிக்குச் செடி 22 அங்குலம். குட்டை வகை மூன்று வரிசையில் 6 வீதம் 18 செடி.

முதலில் கொம்பு, பிறகு கிழங்கு. வரிசை மாறினால் கொம்பு கிழங்கைக் குத்தும். 6 அங்குலக் குழியில் கிழங்கைப் படுக்கவைத்து, கண் மேலே பார்க்க, கழுத்து கொம்பைத் தொடுவது போல வைத்து 3 அங்குலம் மட்டும் மூடுங்கள். முளை வளர வளர மீதியை நிரப்பலாம். நடும் முன் கிழங்கை லிட்டருக்கு 1 கிராம் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லிக் கரைசலில் 15 நிமிடம் நனைக்கலாம். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைப் போடுபவர்கள் அதைச் செய்யாமல், 100 கிராமை 5 கிலோ எருவில் கலந்து குழிகளில் பிரித்துப் போடுங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் முன்னது பின்னதைக் கொன்றுவிடும்.

நட்டதும் தண்ணீர் ஊற்றாதீர்கள். இதுதான் பலருக்குக் கை வராத இடம். முளைக்கத் தேவையான நீர் கிழங்குக்குள்ளேயே இருக்கிறது, வேரில்லாத கிழங்கால் வெளி நீரைக் குடிக்க முடியாது. கலவை பிழிந்தால் சொட்டாத ஈரத்தில் இருந்தால் போதும். முளை மண்ணுக்கு மேல் 2 அங்குலம் வந்த பிறகு முதல் தண்ணீர். நாற்றுக்கு இது பொருந்தாது, நட்ட உடனே நனைக்க வேண்டும்.

நட்டு மூன்று வாரம் ஆகிறது. ஒன்றுமே வரவில்லை.

நான்கு வாரம் வரை பொறுக்கலாம், ஊட்டிக் குளிரில் ஐந்து. அதற்குப் பின் விரலால் பக்கவாட்டில் மண்ணை விலக்கிக் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் மூடிவிட்டுக் காத்திருங்கள். அமுங்கி, புளித்த வாடை வந்தால் முடிந்தது. நுனி மட்டும் அழுகியிருந்தால் நல்ல சதை தெரியும் வரை வெட்டி, ஒரு நாள் நிழலில் காயவைத்து மறுபடி நடலாம். முளை மழுங்கக் கடிபட்டிருந்தால் நத்தை. இரவு 8 மணிக்கு டார்ச்சோடு போனால் கையும் களவுமாகப் பிடிக்கலாம்.

கொம்பு நட்டாலும் காற்றில் செடியோடு சாய்ந்துவிடுகிறதே?

மேட்டுப்பாத்திக்கே உரிய சிக்கல் இது. பொலபொலவென்ற 14 அங்குல மண் 5 அடிக் கொம்பைப் பிடிக்காது. தரைமேல் உள்ள பாத்தி என்றால் சவுக்குக் கொம்பைப் பாத்தி மண்ணைத் தாண்டி அடித்தரையில் ஓர் அடி இறங்கும்வரை அடியுங்கள், அப்போது 7 அடிக் கொம்பு வேண்டும்.

சிமென்ட் தரையில் அது நடக்காது. இங்கேதான் ஹாலோ பிளாக் கைகொடுக்கும். இரண்டு கல்லுக்கு ஒரு குழியில் கொம்பை இறக்கி, சுற்றிலும் பொடி ஜல்லியைக் குத்தி இறுக்குங்கள். அரைக் கல் வைத்த வரிசையில் மேல் குழியும் கீழ் குழியும் நேராக வரும் இடம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பாத்தியைச் சுற்றி எட்டு, பத்துக் கொம்பு நின்றதும் மண்ணிலிருந்து ஒன்றரை அடியிலும் இரண்டரை அடியிலும் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால் செடி கட்டத்துக்குள் ஏறி வளரும். தனித் தண்டைக் கட்டும்போது சணலை எட்டு வடிவில் சுற்றுங்கள். டேலியாத் தண்டு உள்ளே கூடானது, இறுக்கினால் அங்கேயே மடியும்.

நுனி கிள்ளுவது, மொட்டு கிள்ளுவது இரண்டும் ஒன்றா?

இல்லை. நாலு ஜோடி இலை வந்து செடி ஓர் அடி ஆனதும் நடு நுனியைக் கிள்ளுவது கிளைக்காக. மனம் வராது, ஆனால் கிள்ளாத செடி ஒற்றைக் குச்சியாய் ஓடி ஒரு பூவோடு சாயும். மொட்டு கிள்ளுவது பூவின் அளவுக்காக. ஒவ்வொரு கிளை முனையிலும் மூன்று மொட்டு வரும். நடு மொட்டு பட்டாணி அளவானதும் இரு பக்க மொட்டையும் எடுத்தால் நடுப்பூ பெரிதாகும். வாசல் நிறையப் பூ போதும் என்பவர்கள் மொட்டைத் தொட வேண்டாம்.

வாடிய பூவை எடுக்கும்போது புது மொட்டைத் தவறிக் கிள்ளாதீர்கள். புது மொட்டு உருண்டை, அமுக்கினால் கெட்டி. வாடி மூடியது கூம்பாக, மெத்தென்று இருக்கும்.

தண்ணீர் எவ்வளவு?

இந்தப் பாத்தியின் பரப்பு 2.7 சதுர மீட்டர். வளர்ந்த செடிகளுக்கு வாரம் 70 முதல் 100 லிட்டர், இரண்டு மூன்று தவணையாக. சமவெளியில் பிப்ரவரியில் நாள் விட்டு நாள். விரலை 2 அங்குலம் நுழைத்து, காய்ந்திருந்தால் மட்டும். இலைமேல் ஊற்ற வேண்டாம். சருகு மூடாக்கு 2 அங்குலம் போடுங்கள், தண்டிலிருந்து 3 அங்குலம் தள்ளி.

செடி தழைத்து நிற்கிறது, பூ மட்டும் இல்லை.

தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம், அல்லது வெயில் குறைவு. கடலைப் புண்ணாக்குக் கரைசலை வாரந்தோறும் ஊற்றிக்கொண்டே இருந்தால் இப்படித்தான். அது முதல் ஆறு வாரத்துக்கு மட்டும்: 100 கிராமை ஒரு லிட்டரில் 3 நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீரில் கலந்து, 15 நாளுக்கு ஒருமுறை. அல்லது தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு 2 கிராம். மொட்டு தெரிந்ததும் இரண்டையும் நிறுத்தி, மூன்றில் சாம்பல் சத்து மட்டும் உள்ள 0:0:50 உரம் லிட்டருக்கு 2 கிராம், 10 நாளுக்கு ஒருமுறை. தழைச்சத்தில் வளர்ந்த கிழங்கு நீர்த்துப்போய்ச் சேமிப்பில் முதலில் அழுகும் என்பது இன்னொரு இழப்பு.

சமவெளியில் செடி முழங்கால் உயரத்திலேயே மொட்டு வைத்துவிடுகிறது. ஏன்?

பகல் நீளம். நம் டிசம்பர் பகல் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம்தான். பகலின் நீளம் 12 மணி நேரத்துக்குக் கீழே போனால் டேலியா, வளர்ச்சியை விட்டுக் கிழங்கு கட்டத் தொடங்கும். பெரிய வகையை வளர்க்க ஆசைப்பட்டால் செடிக்கு 4 அடி மேலே ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பைத் தொங்கவிட்டு, மாலை 6 முதல் 9 வரை, முதல் ஆறு வாரம் எரியவிடுங்கள். செடி இரண்டரை அடி ஆனதும் நிறுத்திவிடலாம்.

பூவின் நடுவே மஞ்சள் கண் திறந்து இதழ் குறைந்து வருவது வேறு. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும்போதும், செடி களைக்கும்போதும் அப்படி வரும். 35 சதவீத நிழல்வலையை மதியத்துக்கு மட்டும் இழுத்துவிடுங்கள்.

இலையில் வெள்ளைப் பொடி, சிலந்தி, சுருட்டை... எதற்கு என்ன மருந்து?

வெள்ளைப் பொடி சாம்பல் நோய். பனிக்கால இரவுகளில் அடி இலையில் தொடங்கும். அடியில் ஓர் அடிவரை இலைகளை எடுத்துக் காற்றோட்டம் கொடுத்து, நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் தெளியுங்கள். வெயில் ஏறும் நேரத்தில் வேண்டாம், வேப்ப எண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள்ளும் வேண்டாம், இலை வெந்துவிடும்.

இலை மேலே வெளுத்து, அடியில் நூலாம்படை தெரிந்தால் செஞ்சிலந்தி. வெள்ளைத் தாளை இலைக்குக் கீழே பிடித்துத் தட்டினால் புள்ளிகள் நகரும். காலையில் இலையின் அடியை நீர் பீய்ச்சிக் கழுவினாலே பாதி போகும். அசுவினி, இலைப்பேனுக்கு வேப்ப எண்ணெய் லிட்டருக்கு 3 மி.லி., துளி சோப்புக் கரைசலோடு, மாலையில். மஞ்சள் ஒட்டுப்பொறி அசுவினிக்கு, நீலம் இலைப்பேனுக்கு.

நரம்பு ஓரமாக மஞ்சள் பட்டை விழுந்து, இலை நெளிந்து, செடி குறுகி நின்றால் மொசைக் வைரஸ். மருந்து கிடையாது. எவ்வளவு அபூர்வ வகை ஆனாலும் கிழங்கோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். அசுவினி அதை அடுத்த செடிக்கு எடுத்துப்போகும். கழுத்தில் காலிஃபிளவர் போலக் கட்டி இருந்தாலும் அப்படியே, அந்தப் பாத்தியில் மூன்று வருடம் டேலியா வேண்டாம்.

பெருச்சாளி கிழங்கைத் தின்றுவிடுகிறது.

கட்டும்போதே அடியில் அரை அங்குலக் கண் இரும்பு வலையை விரித்து, ஓரத்தை முதல் வரிக் கல்லுக்கு அடியில் மடித்துவிடுங்கள். கொம்பு இறங்கும் இடத்தில் மட்டும் வலையைக் கத்தரிக்கலாம். மலையில் முள்ளம்பன்றி மேலிருந்து தோண்டும். அதற்கு இரண்டரை அடி வேலி வேண்டும்.

பூச்சாடியில் ஒரே நாளில் தொங்கிவிடுகிறது.

டேலியா மொட்டு வெட்டிய பின் விரியாது. முக்கால் விரிந்ததை விடியற்காலையில் வெட்டி, தண்டின் முனையை ஆவி பறக்கும் சூட்டு நீரில், கொதி நீரில் அல்ல, வைத்து ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். 4 முதல் 6 நாள் நிற்கும்.

பூத்து முடிந்த பிறகு கிழங்கை எப்படிக் காப்பது?

இலை மஞ்சளானதும், மலையில் உறைபனி பட்டு இலை கருகியதும், தண்ணீரை நிறுத்திப் பத்து நாள் விடுங்கள். தண்டை 5 அங்குலம் விட்டு வெட்டுங்கள். வெட்டிய தண்டு உள்ளே குழல். அதில் மழையோ பனியோ இறங்கினால் நேராகக் கழுத்துக்குள் போய் நிற்கும். வெட்டிய கையோடு களிமண் உருண்டையால் அந்த வாயை அடையுங்கள். ஆறு மாதம் பாத்தியை உயர்த்திக் காத்த கழுத்தைப் பலர் இந்த ஒரு நாளில் இழக்கிறார்கள்.

ஒரு வாரம் கழித்து, தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி, மண் கிளறும் தோட்ட முள்கரண்டியை இறக்கி நெம்புங்கள். தண்டைப் பிடித்து இழுத்தால் கழுத்து முறியும். மண்ணை உதிர்த்து, களிமண் அடைப்பை எடுத்துவிட்டு, தண்டு கீழே பார்க்க நிழலில் மூன்று நான்கு நாள் கவிழ்த்து வைத்தால் குழலில் உள்ள நீர் வடிந்துவிடும்.

நீலகிரியில் காய்ந்த மரத்தூளில் புதைத்து, உறைபனி எட்டாத இருட்டறையில் வைத்தால் போதும். மாதம் ஒருமுறை பாருங்கள்: சுருங்கினால் கைநீர் தெளியுங்கள், மெத்தென்றானதை வெட்டி எறியுங்கள். சமவெளிக் கோடையில் அறையில் வைத்த கிழங்கு வற்றல் ஆகிவிடும். தனித்தனியாகப் பிரித்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் வைக்கலாம், பழங்களோடு சேர்க்காமல். பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் கண்ணோடு கழுத்து இருக்கட்டும். ஒரு கொத்து முடிந்து அடுத்ததைத் தொடும் முன் கத்தியை ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

பாத்தி மண்ணை வருடா வருடம் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். ஒரு பருவத்தில் 2 முதல் 3 அங்குலம் இறங்கியிருக்கும். டேலியா எடுத்ததும் தட்டைப்பயறோ சணப்போ விதைத்து, பூக்கும் முன் மடக்கி மண்ணோடு கிளறுங்கள். நடவுக்கு ஒரு மாதம் முன் 10 வாளி மக்கிய எரு, 4 வாளி மணல், 500 கிராம் வேப்பம் புண்ணாக்கு சேர்த்துப் பழைய உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு குழி தோண்டி நீர் இறங்கும் நேரத்தை மறுபடி பாருங்கள். போன வருடம் ஒரு மணி நேரத்தில் இறங்கியது இந்த வருடம் இரண்டு மணி எடுத்தால், நார்க்கழிவு மக்கி மண் இறுகியிருக்கிறது என்று பொருள். எருவைக் கூட்டாமல் மணலைக் கூட்டுங்கள்.